அப்பா சேர்த்து எழுதிய வரி

வங்கியில் கடன் பிரிவு அதிகாரியம்மா அந்தக் காகிதத்தை அவள் பக்கமாகத் திருப்பி வைத்து, பேனா முனையால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக் காட்டினார்.

"இது அன்பளிப்புக் கடிதம். உங்க அப்பா கையெழுத்துப் போடணும். இந்தப் பணம் கடன் இல்ல, அன்பளிப்பு. திருப்பிக் கேக்க மாட்டேன். வீட்டுல எனக்குப் பங்கு கிடையாது. அங்க நான் குடியிருக்கவும் மாட்டேன். அவ்வளவுதான்."

"குடியிருக்கறதைப் பத்தி உங்களுக்கு என்ன மேடம்?"

"நாளைக்கு நீங்க தவணை கட்டலைன்னா வீட்டை நாங்க எடுத்துக்கணும். அப்ப உங்க அப்பா நடு வீட்டுல நாற்காலியைப் போட்டு உக்காந்துட்டா? நாங்க என்ன அவரைத் தூக்கிட்டா போறது?"

நியாயமான கேள்விதான். காகிதத்தை நான்காக மடிக்காமல், கசங்காமல், ஒரு கோப்பில் வைத்து எடுத்துக்கொண்டாள். வேலை அப்படிப் பழக்கியிருந்தது.

அவள் வேலை ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில். மேலே அறுவை முடிந்ததும் கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் ரத்தத்தோடு தட்டில் இறங்கி வரும். கழுவி, துடைத்து, கத்தரி வெட்டுகிறதா என்று பார்த்து, எண்ணி, இரண்டு சுற்றுத் துணியில் கட்டி, நீராவி இயந்திரத்துக்குள் அனுப்பி, வெளியே வந்ததும் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்தொரு வருடமாக அதைச் செய்கிறாள். ஒருமுறை பதினான்கு இடுக்கி இருக்க வேண்டிய தட்டில் பதிமூன்றுதான் இருந்தது. மேலே நோயாளி மேஜையில் காத்திருக்க, டாக்டர் தொலைபேசியில் கத்தினார். "ஒண்ணு குறைஞ்சா குடி முழுகிடுமா? கையெழுத்துப் போட்டு அனுப்புங்க!" அவள் அனுப்பவில்லை. ஏற்கெனவே எண்ணிக் கட்டித் தயாராக இருந்த வேறொரு தட்டை அனுப்பினாள். பதினான்காவது இடுக்கி மறுநாள் சலவைக்குப் போன துணி மூட்டையில் கிடைத்தது. அன்றிலிருந்து அவளுக்குப் பெயர் 'பதினாலு'. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் மரியாதைக்கு 'பதினாலக்கா' என்பார்கள்.

வயது நாற்பத்தாறு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குள் ஒரு கதை இருக்கும் என்று நினைக்கிறவர்கள் ஏமாறுவார்கள். வந்த மாப்பிள்ளைகளை அவளுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இதையே ஓர் ஆண் சொன்னால் 'நல்ல இடமா அமையல' என்று விட்டுவிடும் உலகம், ஒரு பெண் சொன்னால் ஆயுசு முழுக்க விளக்கம் கேட்கிறது. அதிலும் வீட்டுச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் நீதிமன்றம் தோற்றுப்போகும். "எத்தனை பேரும்மா?" "நான் மட்டும்தான்." "வீட்டுக்காரர்?" "இல்லை." "வெளியூரா?" "இல்லவே இல்லை." அதற்குமேல் வாடகை ஒரு விலையிலிருந்து இன்னொரு விலைக்கு ஏறும், அல்லது வீடு அப்போதுதான் உறவினருக்குப் பேசி முடித்ததாக நினைவுக்கு வரும். இருபது வருடத்தில் ஏழு வீடு மாறினாள். ஐந்தாவது வீட்டுக்காரி, இவள் வேலைக்குப் போன நேரத்தில் மாற்றுச் சாவி போட்டுத் திறந்து உள்ளே வந்து போவாள். கேட்டதற்கு, "ஜன்னல் சாத்தியிருக்கான்னு பாத்தேன், தப்பா?" என்றாள். ஜன்னல் பார்க்க வந்தவளுக்கு அலமாரியில் எந்தத் தட்டில் என்ன துணி இருக்கிறது என்பதும் தெரிந்திருந்தது.

ஒரு கதவு. அதற்கு ஒரு சாவி. அது தன் பையில். இதற்குமேல் அவள் எதற்கும் ஆசைப்படவில்லை. மூன்றாம் மாடியில் இரண்டு சின்ன அறைகள் கொண்ட ஒரு வீடு விலைக்கு வந்தது. காலையிலும் மதியத்திலும் மாலையிலுமாக மூன்று தடவை போய்க் குழாயைத் திறந்து பார்த்தாள். சமையலறை ஜன்னலைத் திறந்தால் ஓர் அச்சகத்தின் தகரக் கூரையும் அதன்மேல் காயும் யாரோ ஒருவரின் சட்டைகளும் தெரிந்தன. அழகான காட்சி என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஜன்னலைச் சாத்துவதா திறப்பதா என்று அவளே முடிவு செய்யலாம். பிடித்துப்போய்விட்டது.

அவளுடைய சேமிப்பு, வங்கி கேட்ட முன்பணத்துக்கு முக்கால்வாசிதான் வந்தது. அந்த நேரத்தில்தான் தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, நீ வீடு பாக்கறேன்னு சொன்னியே. மிச்சத்தை அப்பா தரேங்கறார்."

"அப்பாவா?"

"ஏன், அவர் உனக்கும் அப்பாதானே?"

பத்து வருடத்துக்கு முன் அம்மா இறந்ததும் இருந்த வீட்டை விற்றார்கள். அதில் பெரும்பகுதியைத் தம்பி வாங்கிய வீட்டுக்கு முன்பணமாக அப்பா கொடுத்துவிட்டு, தானும் அவனோடு குடிபோனார். அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவளும் ஏன் கேட்கவில்லை என்று கேட்கவில்லை. இப்போது பணம் அவள் கணக்குக்கு வந்துவிட்டது. மதியம் கேன்டீனில் பக்கத்தில் உட்கார்ந்த சலவைப் பிரிவுக்காரியிடம், கேட்காமலே, "எங்கப்பா குடுத்தார்," என்று சொன்னாள். சொல்லிவிட்டு, அந்த இரண்டு வார்த்தையை இதற்கு முன் எப்போது சொன்னோம் என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோப்போடு தம்பி வீட்டுக்குப் போனாள். அப்பா கூடத்தில், சோபாவுக்குப் பின்னால் விரித்த மடக்குக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கட்டிலுக்கடியில் ஒரு பெட்டி. அதன்மேல் மூக்குக்கண்ணாடி. அவருக்கென்று அந்த வீட்டில் இருந்த இடம் அவ்வளவுதான்.

அப்பா ஓய்வு பெற்ற லிஃப்ட் ஆய்வாளர். முப்பத்து மூன்று வருடம் ஊரிலிருந்த லிஃப்ட்களில் ஏறி இறங்கி, கம்பியைத் தட்டிப் பார்த்து, சான்றிதழில் கையெழுத்துப் போட்டவர். எந்தக் காகிதத்தையும் முழுதாகப் படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார். 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தால் அதைக் காலியாக விடவும் மாட்டார். சொல்ல ஒன்றுமில்லை என்றால் 'குறிப்பு ஏதுமில்லை' என்றாவது எழுதுவார். பள்ளியில் அவளுடைய மதிப்பெண் அட்டையில்கூட அப்படித்தான் எழுதினார். ஆசிரியை அதைக் கண்ணாடி மாட்டி இரண்டு தடவை படித்தாள்.

இப்போதும் படித்துக்கொண்டிருந்தார்.

"படிச்சாச்சாப்பா?" என்றான் தம்பி.

"பின்பக்கம் இருக்குடா."

"அது வெத்துப் பக்கம்பா."

"வெத்தா இருக்கான்னு பாக்கணும்ல?" திருப்பிப் பார்த்தார். வெற்றாகத்தான் இருந்தது. மறுபடி முன்பக்கத்துக்கு வந்தார். "நாலாவது வரி தப்பா இருக்கே. அங்க குடியிருக்க மாட்டேன்னு போட்டிருக்கு."

"ஆமாப்பா. அப்படித்தான் கேக்கறாங்க," என்றாள் அவள்.

"நான் அங்கதானேம்மா வரப்போறேன்?"

தேநீர்த் தட்டோடு வந்த தம்பி மனைவி பாதி வழியில் நின்றாள். தம்பி கைபேசியில் எதையோ மும்முரமாகத் தேடினான்.

"யார் சொன்னது?" என்றாள் அவள்.

"என்ன அண்ணி, இவர் உங்ககிட்ட சொல்லலையா?" தம்பி மனைவி தட்டைக் கீழே வைத்தாள். "சொல்லிட்டேன், சொல்லிட்டேன்னாரே என்கிட்ட!"

"சொல்லலாம்னுதான் இருந்தேன்," என்றான் தம்பி. "ரெண்டு ரூம் வீடுக்கா. நீ ஒருத்தி. ரெண்டு ரூம்ல மாறி மாறியா படுக்கப் போறே? இங்க பொண்ணுங்க ரெண்டும் பெருசாயிடுச்சு. அப்பா கூடத்துல கிடக்கிறார். பாக்கவே கஷ்டமா இருக்கு."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்தான்."

"உன் வீட்டுக்கு அப்பா பணம் குடுத்தப்ப இதே மாதிரி ஒரு காகிதம் வந்துச்சா?"

"அதெல்லாம் எதுக்கு இப்ப..."

"வந்துச்சு," என்றார் அப்பா. "அதுல இந்த நாலாவது வரி கிடையாது. குறிப்பு ஏதுமில்லைன்னு எழுதிக் குடுத்தேன்."

பெருமையாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். மகனுக்குக் கொடுத்தது கொடை. மகளுக்குக் கொடுத்தது, அவளுக்கே தெரியாமல் அவள் தலையில் கட்டிய வேலைக்கு முன்கூட்டிய கூலி. அதிலும் புருஷன் பிள்ளை இல்லாதவள் என்றால் அவளுடைய நேரமும் இடமும் பொதுச் சொத்து. யார் வேண்டுமானாலும் போய் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வரலாம். இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை. தம்பி குடிப்பதில்லை, பொய்க் கணக்கு எழுதுவதில்லை, அக்காவுக்குக் காய்ச்சல் என்றால் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்ப்பான். நல்லவர்கள் கூடிச் செய்கிற அநியாயத்தை எதிர்த்துத்தான் எப்படிச் சண்டை போடுவது என்று தெரிவதில்லை.

"சும்மா ஒரு கையெழுத்துப்பா," என்றான் தம்பி. "போட்டுட்டு அங்க போய் இருங்க. யார் வந்து பாக்கப் போறாங்க?"

"லிஃப்ட் கம்பியையும் யாரும் பாக்க மாட்டாங்கடா. அறுந்தப்புறம்தான் பாப்பாங்க."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். குறிப்புக் கட்டத்தில், அச்சில் வார்த்தது போன்ற தன் கையெழுத்தில், 'நான்காம் வரி பொருந்தாது. மேற்படி வீட்டில் நான் என் மகளோடு வசிப்பேன்' என்று எழுதி, கீழே தேதி போட்டு, கையெழுத்துப் போட்டார். தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். அவள் தடுக்கவில்லை. தன்னிடம் ஒருவரும் வாய் திறந்து சொல்லாத விஷயத்தை அவராவது எழுத்தில் போட்டாரே என்று அந்த நேரத்தில் தோன்றியது.

அதிகாரியம்மா அதைப் படித்துவிட்டு முதலில் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"என் சர்வீஸ்ல இந்தக் கட்டத்துல உண்மையை எழுதினவரை இப்பத்தான் பாக்கறேன். இந்த வரி இருந்தா கடன் கிடைக்காதும்மா. வேற படிவம் தரேன், அவர் சேர்த்து எழுதின வரி இல்லாம வாங்கிட்டு வாங்க. அப்புறம் அவர் வந்து இருந்தார்னா, நாங்க என்ன கதவைத் தட்டி ஆளை எண்ணப் போறோமா?" குரலைத் தாழ்த்தினார். "வர வெள்ளிக்கிழமைக்குள்ள. அதுக்கு மேல வீட்டை விக்கிறவர் காத்திருக்க மாட்டார்."

எல்லோருக்கும் அது சுலபமான வழியாகத்தான் தெரிந்தது. அப்பாவிடம் ஒரு பொய்யை எழுதி வாங்கினால் போதும். எண்ணாமல் கையெழுத்துப் போடாத ஒருத்தி, படிக்காமல் கையெழுத்துப் போடாத ஒருவரிடம் போய், 'கொஞ்சம் கண்ணை மூடிக்கங்கப்பா' என்று கேட்க வேண்டும். அவளால் அது முடியாது. அதைவிட, வேறொரு கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது. பொய்யோ மெய்யோ, அப்பா வந்து தன்னோடு இருப்பதில் தனக்குச் சம்மதமா?

மூன்று நாள் இடுக்கிகளை எண்ணிக்கொண்டே யோசித்தாள். அப்பா அவளை அடித்ததில்லை, திட்டியதில்லை. முப்பதாவது வயதில் மூன்றாவது வரனையும் அவள் வேண்டாம் என்றபோது, "இனிமே உன் இஷ்டம்," என்றார். சொன்ன சொல் தவறாதவர். அதற்குப்பின் பதினாறு வருடம் அவளிடம் எதைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்றுகூட. அவர் வந்தால் இரண்டாவது அறையில் சத்தமில்லாமல் இருப்பார். அவள் வேலைக்குப் போகுமுன் சமைத்து மூடி வைப்பாள். மாதம் ஒருமுறை தம்பி ஆரஞ்சுப் பையோடு வந்து, 'அக்கா நல்லா பாத்துக்கறா' என்று எல்லோரிடமும் சொல்வான். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. பத்து வருடமோ பதினைந்து வருடமோ. மூச்சு முட்டியது. அப்படி மூச்சு முட்டியதற்காகத் தன்மேலேயே எரிச்சலும் வந்தது.

புதன்கிழமை அப்பாவை ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாள். பார்வையாளர் கேன்டீனில், ஓரத்து மேஜையில், இரண்டு தேநீரும் ஒரு பொட்டலம் பிஸ்கட்டும் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இடைவேளை இருபது நிமிடம்தான்.

"அப்பா, என்கூட வந்து இருக்கணும்னு உங்களுக்கு ஆசையா?"

"ஆசைன்னு இல்ல. அவன் சொன்னான்."

"அவன் சொல்லலைன்னா?"

"எனக்கு எங்க இருந்தா என்னம்மா."

"இது பதில் இல்லப்பா."

பிஸ்கட்டை இரண்டாக உடைத்து, உடைத்ததைப் பார்த்தார். "அங்க பழகிடுச்சு. டிவி சத்தம்தான் கொஞ்சம் ஜாஸ்தி."

இதை எப்படிச் சொல்வது என்று அவள் ஆறு விதமாக யோசித்து வைத்திருந்தாள். வாயைத் திறந்ததும் ஏழாவது விதமாக வந்தது.

"நீங்க வந்து என்கூட இருக்கறது எனக்கு வேண்டாம்ப்பா."

பக்கத்து மேஜையில் யாரோ ஒரு பெண் கைபேசியில் யாருக்கோ அறை எண் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா அந்தப் பெண் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பவர்போல இருந்தார்.

"நான் ஏதாவது தொந்தரவு குடுப்பேன்னு நினைக்கிறியா?"

"இல்லப்பா. ஒரு தொந்தரவும் குடுக்க மாட்டீங்க. நாம ரெண்டு பேரும் ஒரே வீட்டுல பேசாம இருப்போம். அதுக்கு நான் தனியாவே பேசாம இருந்துக்கறேன்." தேநீர் டம்ளரைத் தள்ளி வைத்தாள். "பணத்தை நாளைக்கே திருப்பி அனுப்பிடறேன். நீங்க இருக்கற இடத்துக்குன்னு குடுத்த பணம்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா வாங்கியிருக்க மாட்டேன்."

அப்பா தேநீரைக் குடித்து முடித்தார். அவசரமில்லாமல், கடைசி மடக்கு வரை.

"வீடு நல்ல வீடா?"

"நல்ல வீடுப்பா."

"தண்ணி?"

"மூணு நேரமும் போய்ப் பாத்தேன். வருது."

"ம்." கையைத் துடைத்துக்கொண்டார். "புதுப் படிவம் வெச்சிருக்கியா?"

எடுத்துக் கொடுத்தாள். அதே வாசகங்கள்தான். முதல் எழுத்திலிருந்து மறுபடி படித்தார், பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். "இப்ப நாலாவது வரி சரி," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். குறிப்புக் கட்டத்தின்மேல் பேனா கொஞ்ச நேரம் நின்றது. எதுவும் எழுதாமல் மூடியைப் போட்டார்.

"அப்பா, பணம் வேண்டாம்னுதானே சொன்னேன்..."

"குடுத்தது குடுத்ததுதான்."

"உங்களுக்கு?"

"அவன் வீடு இருக்கே. அதுக்கும் நான்தானே குடுத்தேன்."

"அவன் ஏதாவது சொன்னா?"

"சொல்ல மாட்டான். மூஞ்சியைத் தூக்கி வெச்சுப்பான். அது இப்பவே தூக்கித்தான் இருக்கு." சிரித்தாரா என்று தெரியவில்லை. எழுந்து நின்றார். "உனக்கு நேரமாச்சு."

அன்று மாலையே தம்பி கூப்பிட்டான். "பணம் வேணும், அப்பா வேண்டாம். அப்படித்தானே?"

"நீயும் வாங்கறப்ப அப்படித்தானே வாங்கினே?"

"நான் பத்து வருஷமா வெச்சிருக்கேன்!"

"கூடத்துல."

தொடர்பைத் துண்டித்தான். அதன்பின் அவன் பேசவில்லை. தம்பி மனைவி மட்டும், 'அண்ணி, சின்னவளுக்குப் பரீட்சை முடிஞ்சுது' என்பதுபோல யாருக்கும் பாதகமில்லாத செய்திகளை எப்போதாவது அனுப்பினாள். உறவுக்காரர்களுக்கு விஷயம் எட்டியது. பெற்ற அப்பனையே வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்னவள் என்றார்கள். அந்த அப்பனைத் தள்ளிவிடத் திட்டம் போட்டவனைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நியாயம் அவள் பக்கம் இருந்தது. அதைத் தவிர வேறு யாரும் அவள் பக்கம் இல்லை.

கடன் வந்தது. வீடு வந்தது. சலவைப் பிரிவுக்காரியின் அண்ணன் வண்டியில் சாமான் ஏற்றினாள். ஏழு வீடு மாறியவளுக்கு எது எந்தப் பெட்டியில் என்று மனப்பாடம். முதல் வாரம் வேலை முடிந்து வந்ததும் கதவைப் பூட்டிவிட்டு, பூட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்து, ஜன்னலைத் திறந்தாள், சாத்தினாள், திறந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்தச் சந்தோஷம் உண்மையானது. அதைக் குறைத்துச் சொல்வது அவளுக்குச் செய்யும் துரோகம். ஒரு சனிக்கிழமை மதியம் வேலைக்கூட்டாளிகள் ஆறு பேர் வீடு பார்க்க வந்தார்கள். "பதினாலு, கரண்டியெல்லாம் எண்ணி வெச்சிருக்கியா? ஒண்ணு எடுத்துட்டுப் போனா தெரிஞ்சிடுமா?" என்று சிரித்தார்கள். "இந்த ரூம் யாருக்கு?" என்றாள் ஒருத்தி. "சும்மா," என்றாள் இவள். ஐந்து மணிக்கெல்லாம் போய்விட்டார்கள். அவர்கள் குடித்த டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தபின் வீட்டில் குழாய் சொட்டும் சத்தம் கேட்டது. இறுக்கி மூடினாள். அதுவும் நின்றது.

நான்காவது மாதம், அவளுக்கு விடுமுறையான ஒரு வியாழக்கிழமை, முற்பகலில் மழை பெய்துகொண்டிருக்கும்போது அழைப்பு மணி அடித்தது. அப்பா நின்றார். தோளும் காலும் நனைந்திருந்தன.

"இந்தப் பக்கம் வந்தேன்," என்றார். அந்தப் பக்கம் வர அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. இரண்டு பஸ் மாற வேண்டும்.

"வாங்கப்பா."

"குடையை எங்க வைக்கட்டும்?"

தண்ணீர் சொட்டும் குடையைப் பிடித்துக்கொண்டு, அவள் சொல்லும்வரை வாசலிலேயே நின்றார். அவள் கை நீட்டி வாங்கிக் குளியலறையில் வைத்தாள். துண்டு கொடுத்தாள். "எங்க உக்காரட்டும்?" என்று அடுத்ததாகக் கேட்டார். இருந்தது இரண்டு நாற்காலி. ஒன்றின் நுனியில் உட்கார்ந்தார். தேநீர் போட்டாள். மழையைப் பற்றி ஒரு வாக்கியம் அவர் சொன்னார், ஒரு வாக்கியம் அவள் சொன்னாள். எழுந்து போய் சமையலறைக் குழாயைத் திறந்து விரலை நீட்டிப் பார்த்தார். "நல்லா வருது," என்றார். ஜன்னல் வழியாகத் தகரக் கூரையைப் பார்த்தார். மழையில் யாருடைய சட்டையும் காயவில்லை.

"பாக்கறீங்களாப்பா?" என்று இரண்டாவது அறையைத் திறந்து காட்டினாள். துணி காயவைக்கும் சட்டத்தைத் தவிர அதில் ஒன்றும் கிடையாது. அவர் நிலைப்படியில் நின்று எட்டிப் பார்த்தார். காலை உள்ளே வைக்கவில்லை.

"காத்தோட்டமா இருக்கு," என்றார்.

இரண்டு நாள் இருந்துட்டுப் போங்களேன் என்ற வாக்கியம் அவள் நாக்கு வரை வந்தது. அதை அங்கேயே நிறுத்தி எடுத்துப் பார்த்தாள். மனதார வந்ததா, பார்க்கச் சகிக்காமல் வந்ததா? பார்க்கச் சகிக்காமல்தான். வேறொருவராக இருந்தால் அது பரவாயில்லை. பேச்சுக்குக் கூப்பிட்டதைப் பேச்சுக்கு மறுத்துவிட்டுப் போவார்கள். இவர் பெட்டியோடு வந்துவிடுவார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

பதினோரு மணிக்கு எழுந்தார். மழை விட்டிருக்கவில்லை. குடையை எடுத்துக் கொடுத்தாள். படியில் இரண்டு அடி இறங்கியவர், திரும்பி நின்றார்.

"திடீர்னு வந்துட்டேன். அடுத்த தடவை போன் பண்ணிட்டு வரேம்மா. உனக்குச் சௌகரியமான நாளைச் சொல்லு."

"சரிப்பா," என்றாள். போன் எதுக்குப்பா என்று சொல்லவில்லை.

அவர் அதைச் சம்மதமென்றே எடுத்துக்கொண்டு, தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு, கைப்பிடியைப் பிடித்தபடி இறங்கிப் போனார்.